டைவர்ஸ் ஆயிடுச்சு... ஆனா அந்த கேஸ் மட்டும் ஏன் இன்னும் முடியல?

"அதான் டைவர்ஸே ஆயிடுச்சே... அப்புறம் எதுக்குங்க கோர்ட்டுல இருந்து சம்மன் வருது?"

குடும்ப நீதிமன்ற வளாகங்களில் இந்தக் கேள்வி ரொம்பவே சகஜம். ரெண்டு பேரும் சம்மதிச்சு, பேசி, கையெழுத்துப் போட்டு, தீர்ப்பும் வாங்கி, ஆளுக்கொரு பக்கமா போயாச்சு. ஒருத்தருக்கு மறு கல்யாணம்கூட நிச்சயமாகியிருக்கும். அந்த நேரத்தில்தான், நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கோபத்திலோ, உண்மையான வலியிலோ அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகார் ஒண்ணு, குற்றப்பத்திரிகையா மாறி, நம்பர் வாங்கி, வாய்தா தேதியோட வந்து நிற்கும். புகார் கொடுத்தவங்களே அதை மறந்திருப்பாங்க. ஆனால் அரசாங்கம் மறக்காது.

ஏன் மறக்காது? இந்த விஷயத்தில் நம்மில் பலருக்கும் இருக்கும் குழப்பத்துக்கு மூலகாரணமே அங்கேதான் இருக்கு.

கல்யாணம் ரெண்டு பேருக்கு நடுவுல... கேஸ் அப்படி இல்ல!

விவாகரத்து வழக்கு சிவில் விவகாரம். கணவன், மனைவி ரெண்டு பேர்தான் பார்ட்டி. அவங்க ஒத்துக்கிட்டா முடிஞ்சது. ஆனால் வரதட்சணைக் கொடுமைப் புகாரில் எஃப்.ஐ.ஆர் போட்ட அந்த நிமிஷமே அது 'அரசு எதிர் குற்றம்சாட்டப்பட்டவர்' என்று ஆகிவிடும். புகார் கொடுத்த பெண், சட்டத்தின் பார்வையில் முதல் சாட்சி. வழக்கு அவருடையது அல்ல. அதனால்தான் "நான் கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று அவர் சொன்னாலும், ஸ்டேஷனிலோ மாஜிஸ்திரேட் கோர்ட்டிலோ அது அப்படியே முடிந்துவிடுவதில்லை.

1983-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது 498-ஏ பிரிவு. கணவனோ, கணவனின் உறவினர்களோ ஒரு பெண்ணைக் கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டுகள் வரை சிறை, கூடவே அபராதம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இதே குற்றம் 85, 86-வது பிரிவுகளில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த சம்பவங்களுக்கு இன்றைக்கும் பழைய 498-ஏ தான். இதில் வாரன்ட் இல்லாமலேயே கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. மூன்றாவதாக ஒரு விஷயம் உண்டு. நம்ம பேச்சுக்கு அதுதான் முக்கியம். இது சமரசம் செய்துகொள்ள முடியாத குற்றம்.

அதாவது, சில குற்றங்களை சம்பந்தப்பட்டவர்களே பேசி முடித்துக்கொள்ள சட்டம் ஒரு பட்டியல் போட்டு அனுமதிக்கிறது. லேசான காயம், அவதூறு போன்றவற்றை மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே முடிக்கலாம். நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல் போன்றவற்றை நீதிமன்ற அனுமதியோடு முடிக்கலாம். ஒருத்தர் உங்களிடம் லட்சக்கணக்கில் ஏமாற்றியிருந்தால்கூட, பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, கோர்ட் அனுமதித்தால் கீழ்க்கோர்ட்டிலேயே வழக்கை முடித்துவிடலாம். ஆனால் 498-ஏ அந்தப் பட்டியலிலேயே இல்லை. லோக் அதாலத்துக்குப் போகலாமே என்றால், சமரசத்துக்கு உட்படாத குற்றங்களில் அதற்கும் அதிகாரம் கிடையாது.

இதை இப்படி வைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 'பேசி முடிச்சுக்கோங்க' என்ற வார்த்தை நம்ம ஊரில் எத்தனை பெண்களை மறுபடியும் அதே வீட்டுக்குள் தள்ளியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். புகாரை எளிதாக வாபஸ் வாங்கலாம் என்று இருந்தால், புகார் கொடுத்த மறுநாளே பெரியப்பா, சித்தப்பா, ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர் என்று வரிசையாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டில் பெண்களுக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் 4,45,256. அதில் 31.4 சதவிகிதம் கணவன், கணவன் வீட்டாரின் கொடுமை தொடர்பானவை. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் முதலிடமே இதற்குத்தான். 1992-ல் சென்னை ஆயிரம்விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டதற்குப் பின்னாலும் இந்த யதார்த்தம்தான் இருந்தது.

ஆனால், கல்யாணமே முடிந்துபோன பிறகும் அதே பூட்டு யாரைப் பாதுகாக்கிறது? கேள்வி அதுதான்.

டைவர்ஸ் தீர்ப்பு கேஸை ஏன் அழிக்காது?

ரொம்ப சிம்பிள். குற்றம் என்பது நடந்துமுடிந்த ஒரு சம்பவம். 2021-ல் அடித்தார் என்பது புகார் என்றால், 2024-ல் விவாகரத்து ஆனதால் 2021-ல் நடந்தது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அவர் இப்போது கணவர் இல்லை என்றாலும், சம்பவம் நடந்தபோது கணவர். அது போதும்.

அதே லாஜிக்கை திருப்பியும் பார்க்க வேண்டும். விவாகரத்துக்குப் பிறகு நடந்த விஷயத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. முன்னாள் கணவர் போன் செய்து மிரட்டுகிறார், பின்தொடர்கிறார், பழைய போட்டோக்களை வைத்து பிளாக்மெயில் செய்கிறார் என்றால், அதற்கு மிரட்டல், பின்தொடர்தல், ஐ.டி சட்டம் என வேறு பிரிவுகள் இருக்கின்றன. கல்யாண காலத்தில் நடந்த கொடுமைக்கு விவாகரத்துக்குப் பின் புகார் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். ஆனால் 3 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க பொதுவாக 3 ஆண்டு காலவரம்பு உண்டு. ரொம்ப லேட்டா, அதுவும் டைவர்ஸ் நோட்டீஸ் வந்த பிறகோ, தீர்ப்பு வந்த பிறகோ முதன்முறையாக வரும் புகார்களை நீதிமன்றங்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன.

2024 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த ஒரு வழக்கு அப்படிப்பட்டதுதான். அந்தத் தம்பதி வாழ்ந்தது நம்ம தமிழ்நாட்டில். புகார் பதிவானது தெலங்கானாவில். கணவர் விவாகரத்து கேட்டு நோட்டீஸ் அனுப்பிய பிறகு வந்த புகார் அது. கணவர் மட்டுமல்லாமல் அவர் குடும்பத்தினரும் மொத்தமாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, என்.கோடீஸ்வர் சிங் அமர்வு, பழிவாங்க இந்தப் பிரிவு பயன்படுத்தப்படுவதைக் கண்டித்தது. அதே தீர்ப்பில், உண்மையிலேயே கொடுமையை அனுபவிக்கும் பெண்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை என்றும் தெளிவாகச் சொன்னது. வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகளில் முதல் பாதி மட்டும்தான் சுற்றியது. பெங்களூரு ஐ.டி ஊழியர் ஒருவரின் தற்கொலை அதே வாரத்தில் பெரிய விவாதமாகியிருந்ததும் அதற்குக் காரணம்.

நிலுவையில் இருக்கும் கேஸ் என்னவெல்லாம் செய்யும்?

'அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்' என்று விட்டுவிடுபவர்கள்தான் பின்னால் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். கோயம்புத்தூரில் ஐ.டி வேலை பார்க்கும் ஒருவர், மனம் ஒத்த விவாகரத்து வாங்கிக்கொண்டு துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பிவிடுகிறார். பழைய எஃப்.ஐ.ஆரில் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறது. சம்மன், அவர் எப்போதோ காலி செய்த வாடகை வீட்டு முகவரிக்குப் போகிறது. ஆள் இல்லை. கோர்ட் பிடியாணை போடுகிறது. அப்புறம் லுக் அவுட் சர்க்குலர். தீபாவளிக்கு ஊருக்கு வருபவரை ஏர்போர்ட் இமிக்ரேஷன் கவுன்ட்டரில் ஓரமாக உட்கார வைக்கிறார்கள். அவருக்கு அப்போதுதான் தெரிகிறது, கேஸ் உயிரோடு இருக்கிறது என்று.

பாஸ்போர்ட் இன்னொரு தலைவலி. கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் தர மறுக்க பாஸ்போர்ட் சட்டத்தில் இடம் இருக்கிறது. சம்பந்தப்பட்ட கோர்ட்டில் அனுமதி வாங்கினால் 1993-ம் ஆண்டு அறிவிக்கையின்படி கொடுப்பார்கள். ஆனால் கோர்ட் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குத்தான். ஒவ்வொரு வருஷமும் அதே அலைச்சல். வெளிநாட்டு விசாவுக்கு போலீஸ் கிளியரன்ஸ் கேட்டால் அங்கேயும் கேஸ் காட்டும். அரசு வேலைக்கு விண்ணப்பித்தால் மறைக்கவும் முடியாது. மறைத்தால் அதுவே தனிப் பிரச்னை.

இதில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு கூட்டம் இருக்கிறது. கணவரின் வயதான அம்மா, அப்பா, கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் அக்கா, காலேஜ் படிக்கும் தம்பி. எஃப்.ஐ.ஆரில் இரண்டாம் எதிரி, மூன்றாம் எதிரி என்று பெயர் ஏறியிருக்கும். பிரிந்தவர்கள் இருவரும் புது வாழ்க்கைக்குப் போய்விட்டார்கள். எழுபது வயது அம்மா மட்டும் வாய்தாவுக்கு வாய்தா மகளிர் நீதிமன்ற வராண்டாவில் உட்கார்ந்திருப்பார்.

புகார் கொடுத்த பெண்ணுக்கும் இது லேசான விஷயம் இல்லை. மறு கல்யாணம் ஆகி கையில் குழந்தையோடு இருக்கும் ஒருவர், முதல் கல்யாணத்தில் நடந்த கொடுமைகளைக் கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்குக் கேள்விகளுக்கு நடுவே மறுபடி சொல்ல வேண்டும். புது மாமியார் வீட்டு முகவரிக்கு சாட்சி சம்மன் வரும். மறக்க நினைத்ததை அரசாங்கமே தபாலில் அனுப்பி ஞாபகப்படுத்தும்.

'பிறழ் சாட்சி' என்ற குறுக்கு வழி

சரி, கீழ்க்கோர்ட்டில் சமரசம் முடியாது என்றால் நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? வெளியில் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. கேஸ் டிரயலுக்கு வரும். முதல் சாட்சியான அந்தப் பெண் கூண்டில் ஏறி, 'எனக்கு ஞாபகம் இல்லை', 'போலீஸ் எழுதியதில் கையெழுத்துப் போட்டேன்' என்று சொல்வார். பிறழ் சாட்சி என்று அறிவிப்பார்கள். கேஸ் விடுதலையில் முடியும்.

இதில் என்ன தப்பு என்று தோன்றலாம். உண்மையிலேயே அடிவாங்கிய ஒரு பெண், சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு, 'அடிக்கவில்லை' என்று பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. தன் வலியைத் தானே பொய் என்று ஆவணத்தில் பதிவு செய்கிறார். நாளைக்கு அதை வைத்தே, 'பாருங்க, பொய் கேஸ் போட்டவ' என்று ஊரில் பேசுவார்கள். 'இத்தனை கேஸ்ல தண்டனையே கிடைக்கல, அப்ப எல்லாமே பொய்ப் புகார்தானே' என்று சோஷியல் மீடியாவில் ஒரு கணக்கு சுற்றுமே... அந்த விடுதலைகளில் இப்படிப் பேசி முடித்தவையும் கலந்திருக்கின்றன என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

குற்றம்சாட்டப்பட்டவருக்கும் இது முழு நிம்மதி தராது. 'சந்தேகத்தின் பலனில் விடுதலை' என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்தால், சில அரசு வேலைகளுக்கான சரிபார்ப்பில், குறிப்பாக போலீஸ் வேலைக்கு, அது கேள்வியாக நிற்கும். தவிர, டிரயல் வரும் வரை எத்தனை வருஷம் காத்திருப்பது என்பதும் யாருக்கும் தெரியாது.

நேரான வழி: உயர் நீதிமன்றம்

2003-ல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது. கணவன், மனைவி தங்கள் பிரச்னையைத் தீர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்றால், 498-ஏ சமரசத்துக்கு உரிய குற்றமாக இல்லாவிட்டாலும், உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி வழக்கையே ரத்து செய்யலாம் என்றது. இங்கே நடப்பது சமரசம் அல்ல. 'இந்த வழக்கைத் தொடர்வதில் நீதிக்குப் பயனில்லை' என்று உயர் நீதிமன்றமே முடிவெடுத்து ரத்து செய்கிறது. 2012-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை உறுதிசெய்தது. கொலை, பாலியல் வன்கொடுமை மாதிரி சமூகத்துக்கே எதிரான கொடுங்குற்றங்களை இப்படி முடிக்க முடியாது, குடும்பத் தகராறுகளில் முடிக்கலாம் என்று கோடும் போட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482-வது பிரிவாக இருந்த இந்த அதிகாரம், இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 528-வது பிரிவு.

தமிழ்நாட்டில் இதற்காக சென்னை உயர் நீதிமன்றத்திலோ, தென்மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளையிலோ 'கிரிமினல் ஓ.பி' என்று ஒரு மனு போட வேண்டும். மனுதாரர்கள், எஃப்.ஐ.ஆரில் பெயர் உள்ள எதிரிகள். எதிர்த்தரப்பில் காவல் நிலைய ஆய்வாளரும், புகார் கொடுத்த பெண்ணும் இருப்பார்கள். இருவரும் கையெழுத்திட்ட கூட்டு சமரச மனு, புகார்தாரரின் பிரமாணப் பத்திரம், விவாகரத்துத் தீர்ப்பு நகல் இதெல்லாம் கூடவே போகும். விசாரணை நாளில் இரு தரப்பையும் நேரிலோ வீடியோ கான்ஃபரன்ஸிலோ நீதிபதி பார்ப்பார். இவர்தான் அவர் என்று போலீஸ் அடையாளம் காட்டும். யாராவது மிரட்டினார்களா, பணம் வந்து சேர்ந்ததா, சுய விருப்பத்தில்தான் கையெழுத்துப் போட்டீர்களா என்று அந்தப் பெண்ணிடம் நேரடியாகக் கேட்பார். திருப்தி என்றால் வழக்கு ரத்து.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மனுவில் எல்லா எதிரிகளின் பெயரும், எல்லா வழக்குகளின் எண்ணும் இருக்க வேண்டும். 498-ஏ கூடவே வரதட்சணைத் தடைச் சட்டம், தமிழ்நாடு பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டம் என்று வேறு பிரிவுகளும் ஒரே எஃப்.ஐ.ஆரில் இருப்பது வழக்கம். 'கணவருக்கு மட்டும் ரத்து' என்று வாங்கிவிட்டு, நாத்தனார் மேல் கேஸ் அப்படியே நிற்பதும் நடக்கிறது. கணவர் தரப்பில் போட்ட எதிர் புகார் இருந்தால் அதையும் சேர்த்தே முடிக்க வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் போட்ட மனு, ஜீவனாம்ச மனு போன்றவற்றை அந்தந்த கோர்ட்டிலேயே வாபஸ் வாங்கலாம். அதற்கு ஹைகோர்ட் தேவையில்லை.

எஃப்.ஐ.ஆரே போடாமல், புகாருக்கு சி.எஸ்.ஆர் ரசீது மட்டும் கொடுத்திருந்தால் வேலை இன்னும் சுலபம். இரு தரப்பும் எழுதிக் கொடுத்து ஸ்டேஷனிலேயே முடித்துக்கொள்ளலாம். எழுதியதன் நகலையும், முடிக்கப்பட்டதற்கான ஆவணத்தையும் கையில் வாங்காமல் மட்டும் வராதீர்கள்.

பணம், கையெழுத்து... எது முதல்ல?

நேர்மையாகச் சொல்வதென்றால், பெரும்பாலான சமரசங்கள் உடைவது இந்தக் கேள்வியில்தான். 'கேஸ் ரத்தானா பணம் தர்றேன்' என்பார் அவர். 'பணம் வந்தாதான் ஹைகோர்ட்டுக்கு வருவேன்' என்பார் இவர். இருவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

நடைமுறையில் வழக்கறிஞர்கள் இதைப் படிப்படியாகப் பிரிக்கிறார்கள். மனம் ஒத்த விவாகரத்து மனு தாக்கலாகும்போது ஒரு பகுதி, இறுதி வாக்குமூலத்தின்போது ஒரு பகுதி, உயர் நீதிமன்றத்தில் வழக்கு ரத்தாகும் நாளில் மீதி. அதுவும் நீதிபதி முன்னிலையில் டி.டி-யாக. நகை, சீர்வரிசைப் பொருள்களைத் திருப்பிக் கொடுத்ததற்குப் பட்டியலோடு கையெழுத்து. இப்படி எழுதிவிட்டால் யாரும் யாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. 'கேஸ்களை எல்லாம் வாபஸ் பெற சம்மதிக்கிறேன்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி எழுதுவதுதான் ஆபத்து. எந்த ஸ்டேஷன், எந்த குற்ற எண், எந்த கோர்ட், எத்தனை நாளுக்குள் என்று எழுத வேண்டும்.

பணத்தையும் விவாகரத்தையும் வாங்கிக்கொண்டு, கிரிமினல் கேஸை மட்டும் முடிக்க வர மறுத்தால்? 2004-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. சமரசத்தின் பலனை எல்லாம் அனுபவித்துவிட்டு கிரிமினல் வழக்கை மட்டும் தொடர்வது சட்ட நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று சொல்லி, அந்த வழக்கையே ரத்து செய்தது நீதிமன்றம். ஆகவே ஒரு தரப்பு பின்வாங்கினாலும், எழுத்தில் எல்லாம் சரியாக இருந்தால் வழி இருக்கிறது.

பெண்களுக்கு ஒரு விஷயம். 'குழந்தைக்கும் இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று ஒரு வரியை அந்த ஒப்பந்தத்தில் நுழைக்கப் பார்ப்பார்கள். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஜீவனாம்சத்தை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கு அதிகாரம் இல்லை என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. எதிர்த்தரப்பு வக்கீலே 'ரெண்டு பேருக்கும் நானே பார்த்துக்கிறேன், செலவு மிச்சம்' என்று சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

பேசுவதற்கே இடம் இல்லை, முகம் பார்க்கவே பிடிக்கவில்லை என்பவர்களுக்கு சமரச மையங்கள் இருக்கின்றன. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நாட்டிலேயே முதன்முதலாகத் தொடங்கப்பட்டது நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தில்தான், 2005-ல். 498-ஏ வழக்குகளிலும் தீர்வுக்கு வாய்ப்பு தெரிந்தால் சமரசத்துக்கு அனுப்பலாம் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே யாரும் 'பொம்பளைதான் அனுசரிச்சுப் போகணும்' என்று தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். சொல்லவும் கூடாது.

அவங்க ஒத்துக்கவே இல்லைன்னா?

புகார்தாரர் சம்மதிக்கவில்லை என்றால், சம்மதிக்காதது அவர் உரிமை. உண்மையிலேயே கொடுமை நடந்திருந்தால், 'டைவர்ஸ்தான் ஆயிடுச்சே, விட்டுடேன்' என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை. விவாகரத்து அந்தக் கல்யாணத்துக்கான தீர்வு. குற்றத்துக்கான தண்டனை வேறு.

குற்றம்சாட்டப்பட்டவருக்கும் சட்டத்தில் வழிகள் உண்டு. எஃப்.ஐ.ஆரில் குறிப்பான சம்பவமோ தேதியோ இல்லாமல் பொதுவாகக் குடும்பத்தையே இழுத்திருந்தால், உறவினர்கள் தங்கள் மேலான வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் இதை ஏற்றிருக்கிறது. கீழ்க்கோர்ட்டில் விடுவிப்பு மனு போடலாம். புதிய சட்டத்தில் ஆவண நகல்கள் கிடைத்த 60 நாள்களுக்குள் போட வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறார்கள், கவனம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வர முடியாதவர்கள், குறிப்பாக வயதானவர்கள், நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கு கேட்கலாம். போலீஸ் கூப்பிட்டதும் கைதுதான் என்று பயப்படவும் தேவையில்லை. இந்த வகை வழக்குகளில் தானாகவே கைது செய்யக் கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. நோட்டீஸுக்குப் போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

விசாரித்துவிட்டு, தவறான புரிதலில் வந்த புகார் என்று போலீஸே வழக்கை முடிப்பதும் உண்டு. அப்போது புகார்தாரருக்கு ஆர்.சி.எஸ் நோட்டீஸ் வரும். ஏற்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேபிக்கலாம்.

சட்டம் போடுறவங்க தவறவிட்ட வாய்ப்பு

இத்தனை சுற்று எதற்கு என்பதுதான் என் கேள்வி. கன்னியாகுமரியில் பிரிந்த ஒரு ஜோடி, இருவருமே சம்மதித்த பிறகும், மதுரைக்குப் போய், இன்னொரு வக்கீல் வைத்து, உயர் நீதிமன்றத்தின் நேரத்தை எடுத்துத்தான் இதை முடிக்க வேண்டியிருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்கு இது எத்தனை நாள் சம்பளம்? காசு இருப்பவருக்கு ஹைகோர்ட், இல்லாதவருக்கு பிறழ் சாட்சி என்று இரண்டு வழிகளாகப் பிரிந்துகிடக்கிறது.

2003-ல் மாலிமத் கமிட்டியும், 2012-ல் சட்ட ஆணையமும் இந்தக் குற்றத்தை சமரசத்துக்கு உரியதாக மாற்றப் பரிந்துரைத்தன. நீதிமன்ற அனுமதியோடுதான் என்பது சட்ட ஆணையம் வைத்த நிபந்தனை. இன்றைய தெலங்கானாவும் சேர்ந்திருந்த அன்றைய ஆந்திரா, 2003-லேயே மாநிலத் திருத்தம் கொண்டுவந்தது. அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. சமரசம் என்று கோர்ட்டில் மனு கொடுத்தாலும் குறைந்தது 3 மாதம் கழித்துத்தான் ஏற்பார்கள். இடையில் யாராவது ஒருவர் மனம் மாறினாலும் செல்லாது. கட்டாயப்படுத்தி கையெழுத்து வாங்கப்பட்ட பெண்ணுக்கு மூச்சு விட 3 மாத அவகாசம். உண்மையாகவே முடித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு உள்ளூர் கோர்ட்டிலேயே தீர்வு.

2023-ல் மூன்று குற்றவியல் சட்டங்களையும் மொத்தமாக மாற்றி எழுதியபோது, இதை நாடு முழுக்கக் கொண்டுவந்திருக்கலாம். 498-ஏ, 85 என்று நம்பர் மாறியது. சமரசப் பட்டியலில் மட்டும் அது வரவில்லை. பெண்களின் பாதுகாப்புக்காக வைத்த பூட்டை அப்படியே கழற்றச் சொல்லவில்லை. விவாகரத்து ஆகிவிட்ட ஜோடிகளுக்கு மட்டுமாவது, காத்திருப்புக் காலத்தோடு, பெண்ணிடம் நீதிபதி தனியாக விசாரித்த பிறகு, மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே முடிக்க ஒரு சாவி கொடுக்கலாம். மாநில அரசும் இதற்குத் திருத்தம் கொண்டுவர முடியும். ஆந்திரா அதைத்தான் செய்தது.

ரத்து உத்தரவு வந்ததும் செய்ய வேண்டியது

இதுவரை வந்தவர்கள் கடைசி நூறு மீட்டரில் நின்றுவிடுகிறார்கள். உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது என்பது கீழ்க்கோர்ட்டுக்கோ, ஸ்டேஷனுக்கோ, ஏர்போர்ட்டுக்கோ உடனே தெரிந்துவிடாது. சான்றளிக்கப்பட்ட நகலை வாங்கி, வழக்கு நடக்கும் கோர்ட்டில் தாக்கல் செய்து, அங்கே முடித்துவைக்கப்பட்டதைப் பார்க்க வேண்டும். பிடியாணை ஏதாவது நிலுவையில் இருந்தால் திரும்பப் பெறப்பட்டதா, லுக் அவுட் சர்க்குலர் இருந்தால் அதை நீக்க போலீஸ் கடிதம் அனுப்பியதா என்று கேளுங்கள். ஜாமீனுக்காக பாஸ்போர்ட்டை கோர்ட்டில் ஒப்படைத்திருந்தால் மனு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜாமீன்தாரர் கொடுத்த ஆவணங்களையும்தான். பாவம், கையெழுத்துப் போட்ட மாமா அதைத்தான் முதலில் கேட்பார்.

உங்கள் வழக்கின் சி.என்.ஆர் எண்ணை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் நிலை தெரியும். அதில் 'நிலுவை' என்பது 'முடிந்தது' என்று மாறும்வரை அந்த ஆப்பை போனில் இருந்து தூக்கிவிடாதீர்கள்.